சர்க்கரை முகாம்

மகளுக்கு ஒன்பது வயதில் சுகர் வந்தது. பெரியவர்களுக்கு வந்து மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. இனி ஆயுசுக்கும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து, ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கேள்விப்பட்டு வந்த உறவுக்காரர்களில் பாதிப்பேர், "சாக்லேட் ரொம்பக் குடுத்தீங்களோ?" என்று கேட்டார்கள். மீதிப்பேர் கேட்கவில்லை, ஆனால் அப்படித்தான் பார்த்தார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடத்தில் பாதி வழியில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைப் படபடவென்று தட்டினால், இவர் வெளியே நின்றபடி, "காத்து வருதில்ல? அப்ப ஒண்ணும் ஆகாது. உக்காருங்க, பேசிட்டு இருப்போம்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் மகள் விஷயத்தில் மட்டும் ஆளே வேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்வார். "நம்பர் என்ன வந்துச்சு?" என்று மகளிடம் கேட்பார். நம்பர் கூடியிருந்தால் ஏன் என்பார், குறைந்திருந்தால் ஏன் என்பார், சரியாக இருந்தால் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறதா என்பார். ராத்திரியில் எழுந்து தூங்குகிற பிள்ளையின் விரலைப் பிடித்துக் குத்திப் பார்ப்பதும் அவர்தான். வகுப்பு ஆசிரியைக்கு அவர் குரல் அவ்வளவு பழக்கமாகிவிட்டதில், ஃபோனை எடுத்ததுமே "சாப்பிட்டா சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மகளுக்குப் பதினொரு வயது முடிந்த கோடையில், ஆஸ்பத்திரியில் ஒரு முகாமைப் பற்றிச் சொன்னார்கள். ஏரிக்கரையில் மரக் குடில்கள். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம். வருகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதே சுகர். நீச்சல், படகு, மலையேற்றம் எல்லாம் உண்டு. டாக்டர், நர்ஸ் கூடவே இருப்பார்கள்.

"அனுப்புறோம்" என்றாள் அம்மா. அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். கத்தரி பிடிக்கிற கை என்பதாலோ என்னவோ, எதையும் ஒரே வெட்டில் முடிவு செய்கிற பழக்கம்.

"ராத்திரி யார் எழுந்து பார்ப்பாங்க?"

"அதுக்குன்னே ஆள் இருக்காங்களாம். இங்க உங்களைப் பார்த்துக்கத்தான் எனக்கு ஆள் வேணும்."

அப்பா முகாமுக்கு ஃபோன் போட்டார். குடிலில் ஜன்னல் உண்டா என்று கேட்டார். ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டார். அதற்கடுத்த நாளும் ஃபோன் வந்தபோது முகாமை நடத்துகிற டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார்.

"சார், நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னார்.

"எங்க மோட்டார், பைப்பெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தவர் வேற வேலைக்குப் போயிட்டாரு. நீங்க லீவு போட்டுட்டு வர்றீங்களா? ஆனா ஒண்ணு. இங்க நீங்க அவளுக்கு அப்பா கிடையாது. பைப் ரிப்பேர் பண்றவர். அவ நம்பரை அவகிட்டயும் கேட்கக் கூடாது, என்கிட்டயும் கேட்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் டாக்டர்" என்றார். சொல்லும்போதே அது நடக்கிற காரியம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

விஷயம் தெரிந்ததும் மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஊர்ல எந்தப் பிள்ளையாவது அப்பாவோட முகாமுக்குப் போகுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். அம்மா வெளியே நின்று சமாதானம் பேசினாள். கடைசியில் கதவு திறந்தது, ஒரு நிபந்தனையோடு. அங்கே யார் முன்னாலும் அவளைப் "பாப்பா" என்று கூப்பிடக் கூடாது.

*

முகாமில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. யார் வைப்பது என்று கிடையாது. முதல் நாளே எப்படியோ வந்து ஒட்டிக்கொள்ளும். தடித்த கண்ணாடி போட்டவள் கண்ணாடி. தண்ணீரை விட்டுக் கரையேறாதவள் தவளை. முதல் நாள் காலையிலேயே, நீச்சல் தொப்பி ஏன் போட வேண்டும், தலைமுடி யாருடையது, என்று விதிகளைப் பிடித்து வாதாடியதில் மகள் வக்கீல் ஆனாள். இந்த மூவரும் இன்னும் சில பெண்களும் ஏழாம் குடில். அந்தக் குடிலுக்குப் பொறுப்பு ஓர் இளம்பெண். நீச்சல் கற்றுக்கொடுப்பதால் அவள் எல்லாருக்கும் நீச்சல் அக்கா. அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே சுகர்.

இடுப்புப் பையில் கருவிகளோடு சுற்றியதால் அப்பாவுக்கு ஸ்பானர் மாமா என்று பெயர் வந்தது. டாக்டரம்மாகூட இரண்டாம் நாளிலிருந்து "ஸ்பானர்" என்றே கூப்பிட்டார்.

அந்த முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மின்விசிறி சுற்றாமல் நின்றது. அப்பா ஏணியில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே பிள்ளைகள் மேசை மேசையாக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு சின்னப் பையை எடுத்துத் திறந்தார்கள். கூடம் முழுக்க டிக் டிக்கென்று விரல் குத்துகிற சத்தம். பந்தியில் இலை போட்டதும் தண்ணீர் தெளிப்பார்களே, அப்படி ஒரு சாதாரணமான காரியமாக அது நடந்தது. "எனக்கு ஏறிப்போச்சு", "எனக்கு இறங்கியிருக்கு, அந்த ஜூஸைத் தள்ளு" என்று பேச்சு. ஒருத்தி சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டபடியே பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் மட்டும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?" என்றாள் எதிரே இருந்த கண்ணாடி.

"பாத்ரூமுக்கு."

"ஊசி போடவா? அங்க எதுக்கு? ஒரே ஈரம், நாத்தம் வேற. இங்கயே உக்காந்து போடு."

"நான் ஸ்கூல்ல எப்பவும் பாத்ரூம்லதான் போட்டுக்குவேன்."

"நானும்தான்" என்றாள் தவளை, வாயில் ரொட்டியோடு. "போன வருஷம் இங்க வர்ற வரைக்கும்."

மகள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து, பையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏணி மேல் இருந்தவருக்குக் கையிலிருந்த திருகாணி நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் ஃபோன் செய்து நம்பர் கேட்டிருக்கிறார். ஊசியை எங்கே வைத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை. மின்விசிறியின் மூடியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றார்.

ஆனாலும் பழக்கம் விடுகிறதா? மூன்றாம் நாளே சமையல்காரரைப் பிடித்தார். சமையல்காரர் நல்ல பருமன், நல்ல மனசு. அவருடைய குரல் இரண்டையும் விடப் பெரிது.

"அண்ணே, ஏழாம் மேசையில நம்ம பொண்ணு சாப்பாட்டை மிச்சம் வைக்காம சாப்பிடுறாளான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. ஊசி போட்டுட்டு சாப்பிடாம விட்டா சுகர் இறங்கி மயக்கம் வந்துடும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இவ்வளவுதானே? கண்ணு வச்சுக்கறேன்."

கண் வைத்தார், சரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. மறுநாள் மதியம் கூடமே நிறைந்திருந்த நேரத்தில், சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, வாசலில் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "ஸ்பானரு! பொண்ணு தட்டைத் துடைச்சு வச்சுட்டா! இனி நிம்மதியா வேலையைப் பாரு!" என்று ஒரு சத்தம் போட்டார்.

கூடம் கொல்லென்று சிரித்தது. மகளின் முகம் சிவந்தது. அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மோட்டார் கொட்டகைக்கு மூன்று பேர் வந்தார்கள். நடுவில் மகள், இரண்டு பக்கமும் கண்ணாடியும் தவளையும். அப்பா மோட்டாரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்; கையெல்லாம் கிரீஸ்.

"ஸ்பானர் மாமா, உங்க மேல ஒரு புகார் இருக்கு" என்றாள் கண்ணாடி.

"சொல்லும்மா."

"ஆள் வச்சு வேவு பார்க்கறீங்க."

"வேவு இல்லம்மா. சும்மா, சாப்பிட்டாளான்னு..."

"அதுதான் வேவு" என்றாள் தவளை.

மகள் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இங்க வந்ததுலேர்ந்து நான் ஒரு தடவைகூட அழல. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"நீ வீட்டுலயும் அழ மாட்டியே."

"அழுவேன். உங்களுக்குத் தெரியாது. இங்க எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்க. அதனால நான் வேற என்னவா வேணாலும் இருக்கலாம். வக்கீலா இருக்கலாம். நீங்க என்னைப் பார்க்கும்போது மட்டும் மறுபடி சுகர் வந்த பிள்ளையா ஆயிடறேன்."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். தவளை பின்னாலேயே ஓடினாள். கண்ணாடி மட்டும் நின்று, பெரிய மனுஷி மாதிரி, "கொஞ்சம் டைம் குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா மோட்டாரைத் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்த பிறகு ஒரு நட்டு வெளியே மிச்சம் கிடந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. இருபது வருஷத்தில் அவருக்கு அப்படி ஆனதில்லை.

அதன் பிறகு அவர் ஒதுங்கியே இருந்தார். கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உள்ளே வருவார். சமையல்காரரோடும் படகுக்காரரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். படகுக்காரருக்கு ஒரு மகன், அவனுக்கும் சுகர்; இப்போது பெரியவனாகிக் கப்பலில் வேலை. "கப்பல்லயா? நடுக்கடல்ல சுகர் இறங்கிட்டா?" என்று அப்பா பதறினார். "அப்படித்தான் நானும் கேட்டேன். நடுக்கடல்ல என்ன, சர்க்கரை கிடைக்காதான்னு திருப்பிக் கேட்டான்" என்றார் படகுக்காரர்.

*

முகாமின் பின்னால் ஒரு சின்ன மலை. அதன் பாதி உயரத்தில் முகாமுக்குத் தண்ணீர் தருகிற தொட்டி. இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, தொட்டியின் வால்வு ஒழுகுகிறது என்று அப்பா முகாமின் பழைய வேனை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் போனார். வண்டி போகிற வரைக்கும் போய், நிறுத்திவிட்டு, மிச்சத்தை நடந்து ஏறினார். அன்றைக்கு ஏழாம் குடில் மலையேறுகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சாயங்காலம் போயிருப்பார்.

வால்வைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது பேச்சுக்குரல் கேட்டது. நீச்சல் அக்காவும் பெண்களும் ஏறி வந்தார்கள். கூட வந்த நர்ஸ், செருப்புக் கடித்து நொண்டிய இன்னொரு பெண்ணை அழைத்துக்கொண்டு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார். அப்பா தொட்டிக்கு அந்தப் பக்கமாக நகர்ந்து, வேலையைப் பார்க்கிறவராகக் குனிந்துகொண்டார்.

"இடது பக்கம் போகணும்" என்றாள் நீச்சல் அக்கா.

"அக்கா, அம்புக்குறி வலது பக்கம் போட்டிருக்கே" என்றாள் தவளை.

"நான் சொல்றேன்ல? பேசாம நட!"

அப்பா நிமிர்ந்தார். ஒரு வாரமாக அந்தப் பெண் யாரையும் அதட்டி அவர் கேட்டதில்லை. அவள் நிழலில்தான் நின்றாள். ஆனாலும் வியர்வை சொட்டியது. உதட்டில் ஒரு சிரிப்பு, இடம் தெரியாமல் வந்து ஒட்டிக்கொண்டது போல.

"அக்கா, உக்காருங்க" என்றாள் கண்ணாடி.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். கிளம்புங்க எல்லாரும்."

"அக்கா, நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?" இது மகளின் குரல். "நல்லாத்தான் இருக்கேன்னு யாராவது கோவமா சொன்னா, அவங்க நல்லா இல்லைன்னு அர்த்தம்னு. நீங்க இப்ப கோவமா சொன்னீங்க. உக்காருங்க. உக்காந்துட்டு சண்டை போடலாம்."

நீச்சல் அக்கா உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தாளா, கால் மடங்கியதா என்று சொல்ல முடியாது.

அப்பா கையில் வால்வோடு ஓடி வந்தார். "என்ன ஆச்சு? ஐயோ! வண்டி கீழேதான் இருக்கு. தூக்கிட்டுப் போயிடலாம். ஆளுக்கு ஒரு கை பிடிங்க. தலையைப் பிடி, தலையைப் பிடி!"

"அப்பா, வேண்டாம். இப்ப நடக்க வைக்கக் கூடாது, தூக்கவும் கூடாது. முதல்ல ஜூஸ்."

"நர்ஸ் எங்க? நர்ஸ்!" என்று மலைச்சரிவைப் பார்த்துக் கத்தினார்.

"மாமா, வெளிச்சத்தை மறைக்கறீங்க. கொஞ்சம் நகருங்க" என்றாள் கண்ணாடி.

நகர்ந்தார். மகள் நீச்சல் அக்காவின் கையை மடியில் வைத்து, விரலைத் துடைத்து, குத்தி, பார்த்தாள். நம்பரைக் கண்ணாடியிடம் காட்டினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தவளை அதற்குள் ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்தி நீட்டினாள். நீச்சல் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம், சரி. எனக்காகக் குடிங்க" என்றாள் மகள். "ஒரு வாய். இன்னொரு வாய். அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இதைக் குடிச்சா தொப்பி போடறதைப் பத்தி நான் இனிமே வாதாட மாட்டேன்."

கண்ணாடி வாக்கி-டாக்கியை எடுத்தாள். "டாக்டரம்மா, ஏழாம் குடில். நீச்சல் அக்காவுக்கு சுகர் இறங்கிடுச்சு. முழிச்சிருக்காங்க, முழுங்கறாங்க. தொட்டிகிட்ட இருக்கோம். ஸ்பானர் மாமாவும் இருக்காரு." கொஞ்சம் யோசித்து, "அவரும் நல்லா இருக்காரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

பிறகு காத்திருந்தார்கள். குடித்தது ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும்; மறுபடி குத்திப் பார்க்கிற வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இந்தக் காத்திருப்புதான் அப்பாவுக்கு எப்போதும் முடியாதது. வீட்டில் அந்த நேரத்தில் அவர் அறைக்குள் நடப்பார், இன்னொரு டம்ளர் கொண்டுவந்து நீட்டுவார், "ஏன் இறங்குச்சு, சாயங்காலம் ஏன் அவ்வளவு ஓடின?" என்பார். இங்கே மகள் அக்காவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, தவளை நேற்று படகிலிருந்து இறங்கும்போது படகுக்காரரின் தொப்பியைத் தண்ணீரில் தள்ளிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தவளை நடு நடுவே மறுத்தாள். அவர்கள் பேச்சில் அவசரமே இல்லை.

"ஏன் எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்றாள் நீச்சல் அக்கா திடீரென்று, தன் பழைய குரலில். "என் மூஞ்சில படம் ஓடுதா?"

பெண்கள் சிரித்தார்கள். மறுபடி குத்திப் பார்த்தார்கள், ஏறியிருந்தது. கண்ணாடி பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவருக்குச் செய்ய அதிகம் மிச்சமில்லை. நாடியைப் பார்த்தார், இன்னொரு முறை சுகர் பார்த்தார், தலையை ஆட்டினார்.

தவளை அப்பாவிடம் வந்தாள். "மாமா, உங்க கை நடுங்குது. உங்களுக்கும் ஒரு ஜூஸ் தரட்டுமா?"

அப்பா குனிந்து பார்த்தார். வால்வு இன்னும் கையிலேயே இருந்தது.

"குடும்மா" என்றார். ஒரு பாறையில் உட்கார்ந்து, குழாயை உறிஞ்சி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். மகள் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

நர்ஸ் பெண்களோடு மேலே போக, நீச்சல் அக்காவை வேனில் இறக்கிக்கொண்டு வருவது அப்பாவின் பொறுப்பானது. வழியில் அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"பிள்ளைங்க முன்னாடி இப்படி ஆயிடுச்சே சார். காலையில நீந்தினதுக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கணும். அதுங்களுக்குத் தினமும் சொல்றேன், நானே செய்யல. தவளையை வேற திட்டிட்டேனாமே."

"அந்தப் பொண்ணு அதை எப்பவோ மறந்துடுச்சும்மா." வளைவில் வண்டியை மெல்லத் திருப்பினார். "என் மகள் உங்களுக்குப் பண்ணின மாதிரி நான் ஒரு நாளும் அவளுக்குப் பண்ணினதில்ல. நான் கத்துவேன். இன்னைக்குப் பார்த்தீங்களே."

"கத்துறது பரவாயில்ல சார். எங்கப்பா கத்தவே மாட்டாரு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவாரு. அன்னைக்கு வீட்டுல சிரிக்கலாமா வேண்டாமான்னு என் நம்பரைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் முடிவு பண்ணுவாங்க." ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். "பத்து வயசுல இங்க வந்தேன். என் நம்பரைக் கேட்டுட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்தவங்களை இங்கதான் முதல்ல பார்த்தேன். அதான் வருஷா வருஷம் தபால் ஆபீஸ்ல லீவு போட்டுட்டு வந்துடறேன்."

"இப்ப உங்கப்பா எப்படி?"

"தினமும் காலையில ஃபோன் பண்றாரு. தூங்கினியான்னு கேட்பாரு. நம்பர் கேட்க மாட்டாரு. ஆனா கேட்கணும்னு தவிக்கறது இங்க வரைக்கும் கேட்கும்."

அப்பா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் நீச்சல் அக்கா கூடத்தின் நடுவில் நின்று, தனக்கு என்ன ஆனது, எங்கே தப்பு செய்தாள், யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா ஏழாம் குடிலுக்கு அன்று தட்டு கழுவுகிற வேலையிலிருந்து விடுதலை கொடுத்தார். சமையல்காரர் ஜன்னல் வழியே கை தட்டினார். அவர் தட்டியது கூடம் முழுக்கத் தட்டியதற்குச் சமம்.

மகள் அவளாகவே அப்பாவைத் தேடி வந்தாள். அவர் படித்துறையில் படகின் சங்கிலியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள்.

"ஸ்கூல்ல பாத்ரூம்லதான் போட்டுக்குவியாமே" என்றார்.

"யார் சொன்னா?"

"ஃபேன் மாட்டும்போது காதுல விழுந்துச்சு. வேவு பார்க்கல."

"எல்லாரும் பார்ப்பாங்கப்பா. ஒரு பையன் ஊசி மாதிரி கையால குத்திக் காட்டுவான்."

"அந்தப் பையன் யாரு?" என்று உடனே நிமிர்ந்தார். பிறகு அவராகவே, "சரி, கேட்கல" என்றார். "இனிமே எப்படிப் பண்ணப் போற?"

"தெரியல. அங்க கண்ணாடி, தவளை யாரும் இல்லையே."

அப்பா சங்கிலியைக் கீழே வைத்தார்.

"பாப்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "வக்கீல் அம்மா, நம்பர் கேட்கறதை என்னால ஒரேயடியா விட முடியும்னு தோணல."

மகள் யோசித்தாள். "ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டுக்கோங்க."

"மூணு."

"அப்பா!"

"சரி, ரெண்டு. ஆனா என்ன வந்தாலும் மூஞ்சியை மாத்திக்க மாட்டேன்."

"மாத்தினா?"

"அன்னைக்கு நான் தட்டு கழுவறேன்."

மகள் திரும்பிக் குடில் பக்கம் பார்த்து, "கண்ணாடி! இங்க வா, சாட்சி வேணும்!" என்று கத்தினாள்.

*

பள்ளி திறந்தது. அப்பா மதியத்தில் ஃபோன் செய்வதை நிறுத்தினார். முதல் வாரம் வகுப்பு ஆசிரியையே கூப்பிட்டு, "சார், உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்று விசாரித்தார். வீட்டில் அவர் அடிக்கடி தட்டு கழுவினார். முகம் என்பது அவ்வளவு சுலபமாகச் சொன்னபடி கேட்கிற உறுப்பு இல்லை.

மகள் உடனே எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டுவிடவில்லை. முதலில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் மட்டும் சொன்னாள். பிறகு ஒரு நாள் பாத்ரூம் பூட்டியிருந்ததால் வகுப்பிலேயே போட வேண்டியதாயிற்று. அந்தப் பையன் குத்திக் காட்டினான். "கிட்ட வா, சரியா எப்படிக் குத்தறதுன்னு சொல்லித்தரேன்" என்றாள் இவள். அவன் வரவில்லை. இதை அன்று சாயங்காலமே ஃபோனில் ஏழாம் குடிலுக்குச் சொன்னாள். பெண்கள் எல்லாருக்குமாக ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. நாள் முழுக்க அதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தன்னையும் சேர்க்கச் சொல்லி அப்பா கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள்.

குளிர் தொடங்கிய மாதத்தில் முகாமின் கூரைகளைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா போனார், மகளும் அம்மாவும் கூடப் போனார்கள். கண்ணாடியின் வீட்டிலிருந்தும் தவளையின் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். பெண்கள் மூவரும் கட்டிப் பிடித்துக் குதித்துவிட்டு ஏரிப் பக்கம் ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் தெரியாமல், கையில் பலகையோடும் சுத்தியலோடும் நின்றார்கள்.

கண்ணாடியின் அம்மா வங்கியில் வேலை பார்க்கிறவள். ஆணியை எடுத்துக் கொடுத்தபடியே, "ராத்திரி நீங்களும் எழுந்து பார்ப்பீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள், ஏதோ கெட்ட பழக்கத்தைப் பற்றி விசாரிப்பதுபோல.

அப்பா கூரையிலிருந்து இறங்கி வந்தார்.

"பார்ப்பேன். நீங்க?"

"நான் எழுந்து பார்த்துட்டு, பார்த்தோமான்னு சந்தேகம் வந்து மறுபடி எழுந்து பார்ப்பேன்."

"நான் மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல் வைப்பேன்" என்றார் தவளையின் அப்பா, பேருந்து ஓட்டுகிறவர். "அவ முழிச்சுக்கிட்டுக் கடிச்சு வச்சுட்டா."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அதன் பிறகு கூரை வேலை மெதுவாகத்தான் நடந்தது. உறவுக்காரர்கள் கேட்ட சாக்லேட் கேள்வி எல்லார் வீட்டிலும் கேட்கப்பட்டிருந்தது. பேருந்து ஓட்டுகிறவர் தன் அத்தை அதை எப்படிக் கேட்டாள் என்று நடித்தே காட்டினார். சமையல்காரர் டீ போட்டுக் கொண்டுவந்தார்; போகாமல் அவரும் உட்கார்ந்துகொண்டார். அப்பா பேசிக்கொண்டே இருந்தார். மகளுக்குச் சுகர் என்று சொன்ன நாளில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் தனியாகப் போய் உட்கார்ந்ததைச் சொன்னார். அம்மாவுக்கே அது தெரியாது. அவள் அவர் டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மகள் ஈரக் காலோடு வந்து நின்றாள்.

"அப்பா, கிளம்பலாம். கடைசி பஸ் போயிடும்."

"இரும்மா, வந்துட்டேன்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "இவர் சொல்றதை முடிச்சுடட்டும்."